வை-ஃபை கார்டுக்கும் கழுத்து வலிக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் வீட்டில் லேப்டாப் இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மேஜை மேலா? இருக்காது! பையன் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி அதன்மேல் வைத்துக்கொண்டிருப்பான். மகள் ஹாலில் டி.வி. ஸ்டாண்டை ஒட்டித் தரையில் குப்புறப் படுத்திருப்பாள். வீட்டுக்காரர் கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருப்பார்.

"ஏன்டா, உள்ரூம்ல மேஜை நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டிருக்கே, அங்க உட்கார்ந்தா என்ன?" என்று கேளுங்கள். "அங்க நெட் வரலைம்மா!" என்றுதான் பதில் வரும்.

இரண்டு மாதம் கழித்து ஆரம்பிக்கும் பாருங்கள்... கழுத்து வலி, தோள்பட்டை இழுப்பு, நடு முதுகில் குத்தல். தைலம் தடவுவோம், ஒத்தடம் கொடுப்போம், எக்ஸ்-ரேகூட எடுப்போம். அந்த லேப்டாப்புக்குள் இருக்கிற நகத்தளவு வை-ஃபை கார்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்க மாட்டோம்!

சிரிக்காதீர்கள். நம் தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது கழுத்து தாங்குவது அவ்வளவுதான். குனியக் குனிய பாரம் கூடும். 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று 2014-ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மூட்டை அரிசி! அதைத் தூக்கிக்கொண்டு பையன் படியில் உட்கார்ந்திருக்கிறான். காரணம், அந்தப் படியில்தான் சிக்னல் கிடைக்கிறது.

அதனால், கார்டு வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு முடிவு எடுங்கள். 'எங்கே நெட் வருகிறதோ அங்கே உட்காருவது' என்பதை விட்டுவிட்டு, 'எங்கே உட்கார வேண்டுமோ அங்கே நெட் வர வேண்டும்' என்று மாற்றுங்கள். எந்தக் கார்டு தேவை என்பது அந்த நாற்காலியைப் பொறுத்தது.

அது சரி, இந்தக் கார்டு என்பது என்ன? லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே வயர் இல்லாமல் பேசிக்கொள்கிற சின்ன ரேடியோ, அவ்வளவுதான். ஒரு காலத்தில் இதைத் தனியாக வாங்கி லேப்டாப்பின் பக்கவாட்டில் செருக வேண்டும், ஏ.டி.எம். கார்டு அளவில், கொஞ்சம் தடிமனாக இருக்கும். 2003-ல் இன்டெல் 'சென்ட்ரினோ'வைக் கொண்டுவந்த பிறகு, லேப்டாப்புக்கு உள்ளேயே வை-ஃபை வைத்து விற்பது வழக்கமாகிவிட்டது.

பழைய லேப்டாப் என்றால் எத்தனையோ வீடுகளில் ஒன்று கிடக்கும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அக்கா வாங்கியது, அண்ணன் வாங்கியது என்று பரணில் தூங்குவது உண்டு. அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும் கார்டு. அந்த அலைவரிசை ஞாயிற்றுக்கிழமை சந்தை மாதிரி! ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து ஃப்ளாட்டின் ரூட்டர் எல்லாம் அதிலேயே. ஒன்றோடொன்று உரசாமல் வேலை செய்யக்கூடிய சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. ஒரே மாடியில் ஆறு வீட்டு ரூட்டர்கள் என்றால் நெரிசல் இருக்கத்தானே செய்யும்?

முதலில் நாடி பாருங்கள்

காய்ச்சல் என்றதும் மாத்திரை எழுதுகிறவர் நல்ல டாக்டர் இல்லை. கார்டு விஷயமும் அப்படித்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த நாற்காலியில் உட்காருங்கள். செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வை-ஃபையில் ஒரு வீடியோ பாருங்கள். அடுத்து அதே இடத்தில் லேப்டாப்பில் பாருங்கள்.

இரண்டுமே திக்கித் திணறினால் கோளாறு ரூட்டரில், அல்லது அதை வைத்திருக்கும் இடத்தில். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்களா? மீன் தொட்டிக்குப் பக்கத்தில்? பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால்? இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ரூட்டரை வீட்டின் நடுவாக, தலை உயரத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது. பல வீடுகளில் இதோடு பிரச்னை முடிந்துவிடும்.

போனில் நன்றாக வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா? அப்போதுதான் கார்டைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கும் முன்னால், விமானப் பயன்முறை தெரியாமல் கைபட்டு ஆன் ஆகியிருக்கிறதா, பழைய மாடல்களில் பக்கவாட்டில் உள்ள வை-ஃபை ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை: இப்போதைய ரூட்டர்கள் பலவும் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் கடைசியில் '5ஜி' என்று இருக்கும். (செல்போன் 5ஜி வேறு, இது 5 ஜிகாஹெர்ட்ஸ்.) போனில் இரண்டும் தெரிந்து லேப்டாப்பில் ஒன்றுதான் தெரிகிறது என்றால், உங்களுடையது பழைய ஒற்றை அலைவரிசைக் கார்டு.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

"டூயல் பேண்ட்" என்று கேளுங்கள். 2.4, 5 இரண்டிலும் வேலை செய்யும். 5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது சோப்ளாங்கி! ரூட்டர் இருக்கிற அறையிலோ அடுத்த அறையிலோ உங்கள் மேஜை இருந்தால் அருமை. இரண்டு மூன்று கான்கிரீட் சுவர் தாண்டி உள்ளறை என்றால் 2.4-தான் கைகொடுக்கும். அங்கே வேகத்தைவிட ஆன்டெனாதான் முக்கியம்.

கார்டில் இரண்டு வகை. யு.எஸ்.பி.யில் செருகுவது ஒன்று, லேப்டாப்பைத் திறந்து உள்ளே பொருத்துவது இன்னொன்று.

யு.எஸ்.பி. வகை சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் மாட்டலாம். கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டியாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். உருவம் சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும். தூரத்து அறைக்கு, விரல் நீளத்துக்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதே மேல். பார்க்க அழகாக இராது, பரவாயில்லை. கூடவே ஒரு முழ நீள யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயரும் வாங்கிக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி. 3.0 துளையும் அதில் செருகிய டிஸ்க்கும் கிளப்புகிற மின் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும். கார்டை வயரில் தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அட்டைப்பெட்டியில் 'ஏ.சி. 1200' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 2.4-ல் 300, 5-ல் 867 என இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிய கணக்கு அது. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. உங்கள் வீட்டு இணைப்பே 50 அல்லது 100 எம்.பி.பி.எஸ். என்றால், இன்னும் பெரிய எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

உள்ளே பொருத்துகிற வகைக்கு விலை கூடுதல். ஆனால் லேப்டாப்புக்குள் ஏற்கெனவே ஓடுகிற ஆன்டெனா வயர்களைப் பயன்படுத்திக்கொள்ளும். வெளியே எதுவும் துருத்தாது. இதில் வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். இன்டெலின் ஏ.எக்ஸ்.201 கார்டு, அதற்கேற்ற இன்டெல் லேப்டாப்களில்தான் வேலை செய்யும். ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.210 அப்படி இல்லை. ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் மாறினால் பணம் போச்சு! ரொம்பப் பழைய லேப்டாப்களில் துளையின் அளவே வேறு. சில பழைய மாடல்கள், கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காமல் அடம் பிடிக்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள், லேப்டாப்பையே கையோடு கொண்டுபோய் மாட்டச் சொல்லி, நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

எந்த வகையானாலும், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அதன் டிரைவர் உண்டா என்று பெட்டியில் பாருங்கள். 'நெட் வரத்தானே கார்டு வாங்கினேன், டிரைவரை நெட்டில் எடுக்கச் சொல்கிறதே!' என்று முழிக்க வேண்டாம். செல்போனை யு.எஸ்.பி. வயரில் இணைத்து 'டெதரிங்' போட்டால் லேப்டாப்புக்குத் தற்காலிகமாக நெட் கிடைத்துவிடும். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பாதுகாப்பு வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

"கதிர்வீச்சு வருமாமே?"

புதுக் கார்டு மாட்டியதும் பாட்டியிலிருந்து பக்கத்து வீட்டு மாமி வரை கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

மைக்ரோவேவ் அடுப்பும் வை-ஃபையும் ஏறக்குறைய ஒரே அலைவரிசை என்பது உண்மை. ஆனால் அடுப்பின் சக்தி ஆயிரம் வாட் அளவு. கார்டினுடையது பொதுவாக 0.1 வாட்டை ஒட்டித்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! எக்ஸ்-ரே போல உயிரணுவுக்குள் புகுந்து மரபணுவை உடைக்கிற வகைக் கதிரும் இது இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். வை-ஃபை இருக்கிற இடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்திருப்பதும், செல்போனில் 20 நிமிடம் பேசுவதும் ஒரே அளவு ரேடியோ அலைதான் என்று 2007-ல் பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை சொன்னது.

"புற்றுநோய்ப் பட்டியல்ல இருக்காமே?" ஆமாம். 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'இருக்கலாமோ என்று சந்தேகம், ஆதாரம் போதவில்லை' என்பதுதான் அதன் பொருள். நாம் காலையில் குடிக்கிற காபிகூட 2016 வரை அதே பிரிவில்தான் இருந்தது!

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் மட்டும் கார்டின் ஆன்டெனாவையும் ரூட்டரையும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். மடியில் வைத்துக் குனிந்து வேலை செய்வது இவர்களுக்கு ஆகாது. உங்கள் இதய டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு!

பெரும்பாலான லேப்டாப்களில் வை-ஃபை ஆன்டெனா மூடியில், திரையைச் சுற்றித்தான் இருக்கிறது. மடியில் படுவது அலை அல்ல, சூடு.

2005-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், 29 ஆண்கள் ஒரு மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தபோது விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை உயர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது: லேப்டாப் இல்லாமல் தொடைகளை ஒட்டி வைத்து உட்கார்ந்ததற்கே 2.1 டிகிரி ஏறியிருந்தது. 2011-ல் அதே குழுவினர், மடிப்பலகை வைத்து, காலை அகட்டி உட்காரச் சொல்லியும் பார்த்தார்கள். அப்படியும் 28 நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறிவிட்டது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

தோலுக்கும் கேடுதான். தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் மடியில் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனுக்கு இடது தொடையில் வலை பின்னியது போலக் கருமை படர்ந்ததை 2010-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். தலையணை மேல் வைத்தால் தப்பிக்கலாமா என்றால், காற்றுத் துளை அடைபட்டு இன்னும் சூடாகும்.

ஆக, மேஜைதான். லேப்டாப்புக்கு அடியில் நாலைந்து தடிப் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனி கீபோர்டு, மவுஸ் வாங்கிப் போடுங்கள். பாதம் தரையில் படவில்லையா, சின்னப் பலகை ஒன்று போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தும் வலி விடவில்லை, கை மரத்துப்போகிறது, விரலில் பிடி தளர்கிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நல்ல கார்டு மாட்டியதும் ஒரு புதுத் தலைவலி வரும். இப்போது உள்ளறைக் கட்டிலிலும் நெட் ஜோராக வருகிறது அல்லவா? பிள்ளைகள் நடுராத்திரி வரை போர்வைக்குள் லேப்டாப்போடு கிடப்பார்கள். ரூட்டர்கள் பலவற்றில் இதற்கும் வழி இருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் நேரக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. பையனின் லேப்டாப்புக்கு மட்டும் இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை நெட் வராமல் செய்யலாம். ரூட்டரின் பாஸ்வேர்டை மட்டும் அவனிடம் கேட்டு வைக்கச் சொல்லாதீர்கள்; நீங்களே வையுங்கள்!