மாத்திரைப் பையோடு வாருங்கள்

கும்பகோணத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். போன வாரம் கால் வீக்கத்தோடு வந்த ஒரு அம்மா, மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்தார். இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், முதுகுக்கு இன்னொருவர் எழுதிய மாத்திரைகள். அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் டைக்ளோஃபினாக், மற்றதில் அசிக்ளோஃபினாக். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை வலி மாத்திரை. கூடவே ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், நீர் பிரிய ஒரு மாத்திரை. இவை ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று பார்க்க, ரத்தத்தில் கிரியாட்டினின் எடுக்கச் சொன்னேன்: 1.9, இருக்கவேண்டியதைவிட அதிகம்.

"எல்லாம் பெரிய டாக்டருங்க எழுதினதுதானே சார்?" என்றார். அவரவர் பாகத்தை அவரவர் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள். முழு ஆளைப் பார்க்கத்தான் யாருமில்லை.

முழு ஆளைப் பார்ப்பது குடும்ப டாக்டரின் வேலை. அந்த வேலைக்கு ஆள் சேருவதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் நேராக நீட் பி.ஜி. பயிற்சிக்குப் போகிறார்கள். (கல்யாணப் பேச்சிலும் 'வெறும் எம்.பி.பி.எஸ்.'தானே!) குடும்ப மருத்துவத்துக்கு டி.என்.பி. என்ற மேற்படிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் அதற்குத் தனித்துறை கிடையாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, நல்ல திட்டம். என்றாலும், வேறு மூன்று இடத்தில் வாங்கியதையும் சேர்த்துப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கைமருந்தையும் மறைக்காதீர்கள்.