ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சின்

குற்றாலத்துச் சாரலை நாடி ஆனி, ஆடி மாதங்களில் வருகின்றவர்களில் பலர், செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறுகையில் எஞ்சின் கொதித்து நிற்க, கைக்குக் கிடைத்த போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிப் பிரயாணத்தைத் தொடர்கின்றனர். ஆபத்துக்கு அது பாவமில்லை. ஆனால் ஊர் திரும்பியும் அந்த ஜலத்தையே விட்டுவைப்பதுதான் நாசத்துக்கு வித்து.

இக்காலத்து ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அந்த உலோகத்தை ரக்ஷிப்பது, அதன் மேல் தானாகவே உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றே. உப்புநீரிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். கடின ஜலத்தில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தோ, உஷ்ணம் பட்டதும் பிரிந்து சுவரில் படிந்து, அலுமினியத்தைப் போல் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துமாதலால், எஞ்சினின் சூடு வெளியேற வழியின்றி ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விடுகிறது.

இப்படிவை நீக்கக் கழிவறை ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ ஊற்றுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். இரும்பு ஓரளவு காரத்தைத் தாங்கும். அலுமினியத்துக்கோ வலிய அமிலம், வலிய காரம் இரண்டுமே சத்துரு. அலுமினியத்துக்கு ஏற்றதென்று குறிப்பிட்ட சிட்ரிக் அமிலக் கலவையை, அதன் உறையிலுள்ள அளவுப்படி நீர்க்கச் செய்து, குளிர்ந்த எஞ்சினில் இட்டு, பிறகு சுத்த நீரால் பலமுறை அலசுவதே உசிதம். அதன்பின், வண்டியின் கையேடு சொல்லும் கூலன்டை, அது கலக்க வேண்டிய வகையாயின் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து நிரப்புக. அதிலுள்ள அரிப்புத் தடுப்புப் பொருள்கள் நாளடைவில் தீர்ந்துவிடுவதால், நிறம் மங்காவிடினும் கையேட்டின் கெடுப்படி மாற்றியாக வேண்டும்.

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். பல கூலன்ட்களிலுள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும் விஷம். குழந்தையோ நாயோ நக்கினால் பிராணாபாயம். ஆகவே பழைய கூலன்டைச் சிற்றாற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மூடிய பாத்திரத்தில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைப்பது நம் கடமை.

பட்டறையில் தவறான திரவம் ஊற்றியதால் ரேடியேட்டர் ஓட்டையானால், அது சேவைக் குறைபாடே. ஊற்றிய திரவத்தின் பெயர் குறித்த பில்லையும், கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிடில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள்ளாயின் கட்டணமில்லை. தென்காசியில் பழுதான வண்டிக்காகச் சென்னைக்காரர் இங்கே அலையவும் வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யும் உரிமையை அச்சட்டம் அளித்திருக்கிறது.