வலி போனதும் களத்தில் இறங்கலாமா?

முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஆபத்தான காலம் படுக்கையில் கிடக்கும் காலம் அல்ல, நன்றாக நடக்கத் தொடங்கும் காலம்தான். மூன்றாவது மாத வாக்கில் வீக்கம் வடிந்திருக்கும், ஊன்றுகோல் பரணுக்குப் போயிருக்கும், வலியும் அநேகமாக இருக்காது. ஆபரேஷன் சக்சஸ் என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லியாயிற்று. மூட்டுக்குள் நடப்பது வேறு கதை. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து, மூட்டின் நடுவே குறுக்காக ஓடுகிறது ஏ.சி.எல். எனப்படும் ஜவ்வு. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவது அதுதான். கபடியில் சட்டெனத் திரும்பும்போதும், பந்துக்குத் தாவி ஒற்றைக் காலில் இறங்கும்போதும், யாரும் மோதாமலேகூட அது அறுந்துவிடும். பெரும்பாலும் அதைத் தைத்து ஒட்டுவதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ நோயாளியின் தசைநார் ஒன்றை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அங்கே பொருத்துகிறார்கள். பொருத்திய அன்று அது உறுதியாகவே இருக்கும். ஆனால் ரத்த ஓட்டம் துண்டிக்கப்பட்டு வந்த திசு அது. அதன் செல்கள் மடிந்து, புதிய ரத்தக் குழாய்கள் நுழைந்து, பழைய நார்கள் கரைந்து, புதியவை உருவாக வேண்டும். விலங்குகளில் செய்த ஆய்வுகளில், ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களுக்குள் இந்த ஒட்டு மிகவும் வலுவிழப்பது தெரியவந்தது. மனிதர்களிடம் சரிவு அவ்வளவு கடுமையாக இல்லை என்றாலும், புதுப்பிப்பு வேலை ஒரு வருடத்தைத் தாண்டியும் நடக்கிறது. அதற்கெல்லாம் முன்பே வலி விடைபெற்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல். அதனால் வலியை நம்பி முடிவெடுக்க முடியாது.

தசையின் பாடு இன்னும் மோசம். மூட்டில் வீக்கம் இருக்கும் வரை தொடையின் முன்தசையை முழுதாக இயங்கவிடாமல் நரம்பு மண்டலமே தடுத்துவிடுகிறது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுமையாக இறுகாது. சில வாரங்களிலேயே தொடை மெலிவது கண்ணுக்குத் தெரியும். நம் வீடுகளில் இதற்குச் செய்யும் உபசாரம் பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. அசைத்தால் தையல் விட்டுப்போகும் என்று பயந்து காலைக் கிடத்திவைப்பார்கள், சுகமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணையையும் வைப்பார்கள். அந்தச் சுகம்தான் காலை முழுதாக நீட்ட முடியாமல் செய்துவிடுகிறது. நீட்ட முடியாத கால் பின்னாளில் நொண்டும், முன்தசையும் தேறாது. ஆகவே முதல் வாரங்களில் பிசியோதெரபிஸ்ட் கேட்பது பெரிய உடற்பயிற்சி எதுவும் அல்ல: காலை முழுக்க நீட்டு, தொடையை இறுக்கு, வீக்கத்தைக் குறை. இது சாதாரணமாகத் தோன்றுவதாலேயே பலர் தவறவிடுகிறார்கள்.

சரி, எப்போது ஆடலாம்? அமெரிக்காவின் டெலாவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வு இதற்குக் கணக்கு தருகிறது. ஒன்பதாவது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய விகிதம் சுமார் 51 சதவீதம் குறைந்தது. தசை வலுவிலும் ஒற்றைக் கால் தாண்டலிலும் தேர்ச்சி பெறாமலேயே திரும்பியவர்களில் 38.2 சதவீதத்தினர் மறுபடி காயப்பட்டார்கள். தேறியவர்களில் அது 5.6 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியதல்ல. ஒன்பது மாதம் என்பதைக் குறைந்தபட்சக் கெடுவாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நாட்கள் ஓடினால் மட்டும் போதாது, அடிபட்ட காலின் வலு மறுகாலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஆட்டம் நின்றுபோன மாதங்களில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டுத் தேறிவிட்டதாக நினைத்துவிடலாம்.

கிரிக்கெட் வீராங்கனை ஸ்மிருதி மந்தனா ஐந்தே மாதத்தில் ஆடவில்லையா என்று கேட்பார்கள். ஆடினார். 2017 ஜனவரியில் ஜவ்வு அறுந்தவர், ஜூனில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராக 90 ரன் எடுத்தார். அவர் பக்கத்தில் ஒரு மருத்துவக் குழுவே இருந்தது. அப்படி இருந்தும் அது துணிந்து எடுத்த முடிவுதான், அதை விதியாக்க முடியாது. 2022 டிசம்பரில் கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பண்ட், பல காயங்களோடு முழங்கால் ஜவ்வும் கிழிந்து, சுமார் 15 மாதங்களுக்குப் பிறகே ஐ.பி.எல். ஆடினார். சீக்கிரம் திரும்பி வென்றவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான அலசலில், சிகிச்சைக்குப் பின் போட்டி நிலை ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான்.

பயிற்சி இவ்வளவு முக்கியம் என்றால் கத்தியே வேண்டாமே என்ற கேள்வி இன்னும் கனமானது. ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் அதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சையும் பயிற்சியும், மறுபிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு கத்தி. ஐந்து ஆண்டுகளில் இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் கத்திக்கு வந்தார்கள், மற்றவர்கள் அது இல்லாமலே சமாளித்தார்கள். முழங்காலின் நிலையில் இரு பிரிவுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூட்டு அடிக்கடி நழுவுகிறவருக்கும், குருத்தெலும்பு வட்டு கிழிந்து காலை மடக்கவோ நீட்டவோ விடாமல் சிக்கிக்கொள்கிறவருக்கும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. ஆனால் எந்த வழியில் போனாலும் பயிற்சிக்கு விலக்கில்லை.

பணம் என்ற தடை நிஜமானது. அறுவை சிகிச்சைக்குக் கடன் வாங்குகிற குடும்பம், அதற்குப் பிறகான மாதங்களின் பிசியோதெரபியை வீண்செலவாகவே பார்க்கும். தினக்கூலிக்காரர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. என்றாலும் இந்தப் பயிற்சிகளில் பெரும்பகுதிக்கு வீட்டுச் சுவரும் படிக்கட்டும் நாற்காலியும் போதும். சரியாகச் செய்கிறோமா என்று இடையிடையே தேர்ந்தவர் பார்த்துத் திருத்தினால் செலவு தாங்கக்கூடியதே. பந்தயம் ஆடாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பார்கள். கட்டட வேலைக்குச் சாரம் ஏறுபவரும் மூட்டை சுமந்து திரும்புபவரும் ஒற்றைக் காலில்தான் உடல் பாரத்தைத் தாங்குகிறார்கள். கிரிக்கெட் வீரருக்கு வைக்கும் வலுச் சோதனையை அவர்களுக்கும் வைத்துப் பார்த்த பிறகே வேலைக்கு அனுப்புவது நியாயம்.