முந்தானை முடிச்சும் ஜப்பான் முடிச்சும்

ஊவா மலைகளில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்குத் துணியால் ஆகாத வேலை இல்லை. கூடைக் கயிறு உறுத்தாமலிருக்கத் தலைத்துண்டு, செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படங்கு, சில்லறைக் காசுக்கு முந்தானை முடிச்சு, லயத்தில் பிள்ளை உறங்கப் பழஞ்சேலைத் தொட்டில். மூட்டை முடிச்சோடு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் வாரிசுகள் நாம். முடிச்சு நமக்குப் பழகிய கலை.

ஆனால் பிறந்தநாளோ சடங்கோ வந்தால், ஹாலிஎல கடைத்தெருவில் மினுங்கும் தாளைத் தேடுகிறோம். அதைக் கசக்கிப் பாருங்கள். தானாக விரிந்தால் அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது. ஒரே நிமிடத்தில் கிழிபடும் அந்தத் தாள் லயத்துக்குப் பின்னால் எரிகிறது, அல்லது ஓடையில் விழுகிறது. இங்குள்ள ஓடைகள் பதுளு ஓயாவில் கலக்கின்றன. பதுளு ஓயா துன்ஹிந்தவில் குதித்து மகாவலியைச் சேர்கிறது.

ஜப்பானியர் பரிசைத் துணியில் பொதிகிறார்கள். பெயர் ஃபுரோஷிகி: ‘ஃபுரோ’ என்றால் குளியல், ‘ஷிகி’ என்றால் விரிப்பு. நாரா நகரின் ஷோசோயின் களஞ்சியத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பொதிதுணிகளே இருக்கின்றன. எடோ காலத்தில் பொதுக்குளியலுக்குப் போனவர்கள் உடுப்பைக் கட்டிய துணி, வணிகர் தோளுக்கும் ஏறியது. பிளாஸ்டிக் பைகள் பெருகியதும் அது மங்கியது. 2006இல் சுற்றாடல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் போத்தல்களின் இழையில் நெய்த ஃபுரோஷிகியை அறிமுகப்படுத்தி, அந்தப் பழக்கத்தை மீண்டும் நினைவூட்டினார்.

செய்முறை எளிது. சதுரத் துணியை ஒரு மூலை நம்மைப் பார்க்கும்படி விரித்து, பெட்டியை நடுவில் வையுங்கள். நம் பக்க மூலையைப் பெட்டிமேல் மடித்து, எதிர் மூலையை அதன்மேல் இழுத்துவிடுங்கள். மிஞ்சிய இரு மூலைகளையும் முதலில் வலதை இடதின் மேலாகவும், பிறகு இடதை வலதின் மேலாகவும் முடியுங்கள். நுனிகள் இரு பக்கமும் கிடையாகப் படிந்தால் முடிச்சு சரி. மேலும் கீழுமாக நின்றால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். துணியின் மூலைவிட்டம் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் போதும்.

துணிக்கு எங்கும் போக வேண்டாம். 5.5 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் உள்ள பழஞ்சேலையில் 55 சென்டிமீட்டர்ச் சதுரங்கள் 20 கிடைக்கும். ஓரம் மடித்துத் தைத்தால், ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்தையோ சிறு சாப்பாட்டுப் பெட்டியையோ தாங்கும்.

ஜப்பானிய முறைப்படி, கொடுப்பவரே முடிச்சை அவிழ்த்துப் பரிசைத் தந்துவிட்டுத் துணியைத் திரும்ப எடுத்துச் செல்வதுண்டு. நம் வழக்கம் வேறு. பலகாரம் வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்க நம் வீடுகளில் மனம் வராது; ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். அம்மாவின் சேலையில் வெட்டிய சதுரமும் அப்படியே போகட்டும். அடுத்த காம்பராவுக்குப் புத்தகம் சுமந்து போன துணி, பொங்கலன்று வெல்லம் கட்டி நம் வாசலுக்குத் திரும்பி வரட்டும்.