குதிரையும் மனநலமும்



குண்டலுபேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று பந்திப்பூர் வழியே உதகைக்கும், மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியே கோழிக்கோட்டிற்கும் செல்கின்றன. வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் மைசூர். அங்கே தசரா ஊர்வலத்தில் அணிவகுக்கும் காவற்படைக் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். உதகை ஏரிக்கரையில் குழந்தைகளைச் சுமந்து செல்லும் மட்டக் குதிரைகளையும் கண்டிருப்பீர்கள். ஊர்வலத்திற்கும் உல்லாசத்திற்கும் பயன்படும் இப்பிராணி, நொந்த மனத்திற்கும் துணையாகக் கூடுமோ? அத்தகைய முறையொன்று இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது.

குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பர் நம் முன்னோர். ஆயினும், குதிரை இயல்பில் முரட்டுப் பிராணியன்று, அச்சமுள்ள பிராணி. அது உதைப்பதும் பெரும்பாலும் அச்சத்தினாலேயே. கொடிய விலங்குகளுக்கு இரையாகி வந்த இனமாதலின், அருகிலிருப்போரின் அசைவையும் குரலையும் முகக்குறிப்பையும் இடைவிடாது கவனிக்கின்றது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டிச் சோதித்தனர். சினந்த முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்தது. இந்த நுண்ணுணர்வே இம்முறைக்கு அடிப்படை.

குதிரையால் நோயாளி பயன் பெறலாம் என்னும் எண்ணம் முதலில் உடலைப் பற்றியதாகவே வளர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போயின. ஆயினும் பயிற்சியைக் கைவிடாது, 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவருடைய வெற்றி பலரைச் சிந்திக்கச் செய்தது. பின்னர் மனத்துயருக்கும் குதிரையின் துணை நாடப்பட்டது.

மனநலப் பயிற்சியில் சவாரி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. துயருற்றவர் குதிரையின் தோளருகே மெல்ல வந்து நிற்கிறார், தம் கையை முகர விடுகிறார், உடலைத் தேய்த்துவிடுகிறார், கயிற்றைப் பிடித்து உடன் நடக்கிறார். அவர் படபடப்புடன் நெருங்கினால் குதிரை காதுகளைத் திருப்பி விலகிச் செல்லும். மூச்சு சீராகி உடல் தளர்ந்தால் தலையைத் தாழ்த்தி அருகில் நிற்கும். தாம் அறியாத தம் பதற்றத்தை அவர் கண்ணாடியில் காண்பதுபோலக் காண்கிறார். "இப்போது உமக்குள் என்ன நேர்ந்தது?" என்று வல்லுநர் கேட்கிறார். வாய்திறவாதவரும் அக்கணத்தில் பேசத் தொடங்கலாம். ஆகவே மனநலப் பயிற்சி பெற்றவர் ஒருவரும், குதிரையை நன்கறிந்தவர் ஒருவரும் உடன் இருத்தல் இன்றியமையாதது. களைத்த குதிரையையோ புண்பட்ட குதிரையையோ இதற்கு ஈடுபடுத்துதல் தகாது.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இதுவரை நடந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவை சிலரையே கொண்டு செய்யப்பட்டவை. எனவே இது மருந்துக்கும் மருத்துவருக்கும் துணையேயன்றி மாற்று அன்று. சுற்றுலாக் குதிரைமேல் ஒரு சுற்று வருவதும் சிகிச்சையாகாது.

தாயகம் விட்டு அயல்மொழி சூழ வாழும் நம்மவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மனத்துயரைக் கற்ற மொழியில் சொல்வது எளிதன்று. சொல்லாமல் அடக்குவோர் பலர். குதிரைக்கு மொழி வேண்டுவதில்லை. நம் உடல் சொல்வதை அது படித்துவிடுகிறது. மனிதருக்கோ நாம் வாய்திறந்தால்தான் தெரியும். உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், வாழ்வில் வெறுப்பு ஆகியவை நீடித்தால் மறைக்க வேண்டா. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். குண்டலுபேட்டையிலிருந்தும் அதில் தமிழிலேயே பேசலாம். குதிரை கிட்டாத ஊரிலும், செவிகொடுத்துக் கேட்கும் ஒருவர் கிட்டுவார்.