119 நாள் பிந்தி வந்த ஒளி

ஏப்ரல் மாத முன்னிரவில் ஜொகூரிலிருந்து வடவானத்தை நோக்கினால், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள இம்மாநிலத்தில் துருவ விண்மீன் அடிவானத்தோடு ஒட்டிக் கிடந்தாலும், சப்தரிஷி மண்டலம் நன்றாகவே உயர்ந்து நிற்கும். அம்மண்டலத்தின் எல்லைக்குள், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இரண்டு மங்கலான புள்ளிகள் ஏறத்தாழ 3 விகலை இடைவெளியில் (ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறு ஒரு விகலை) அமைந்துள்ளன. எஸ்.டி.எஸ்.எஸ். ஜே1001+5027 என்று பட்டியலிடப்பட்டுள்ள இவை ஒரே குவாசரின் இரு பிம்பங்கள்.

தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் மையத்திலுள்ள மாபெரும் கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு, உள்ளே விழுமுன் கடுமையாகச் சூடேறி, அத்திரளின் விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சி ஒளிரும்போது அம்மையத்தைக் குவாசர் என்பர். இந்தக் குவாசரின் செம்பெயர்ச்சி 1.838, அதாவது, அதன் ஒளி புறப்பட்ட காலத்திலிருந்து பேரண்டம் ஏறத்தாழ 2.8 மடங்காக விரிந்திருக்கிறது, ஒளியின் அலைநீளமும் அதே அளவுக்கு நீண்டிருக்கிறது. ஆயினும் செம்பெயர்ச்சி விகிதத்தை மட்டுமே தரும். உண்மைத் தொலைவை அளக்க வேறு வழி தேவை.

அவ்வழியை 1964-இல் நார்வே வானியலாளர் ஷூர் ரெஃப்ஸ்டால் காட்டினார். குவாசருக்கும் பூமிக்கும் நடுவே ஒரு விண்மீன் திரள் குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து, வில்லைபோல் ஒன்றுக்கு மேற்பட்ட பிம்பங்களை உண்டாக்கும். ஒவ்வொரு பிம்பத்தின் ஒளியும் வெவ்வேறு நீளமுள்ள பாதையில், ஈர்ப்பால் வெவ்வேறு அளவுக்குத் தாமதப்பட்டு வருவதால், குவாசர் ஒருமுறை பிரகாசித்தால் அது ஒரு பிம்பத்தில் முன்னரும் மற்றதில் பின்னரும் தெரியும். அளவு குறிக்கப்படாத ஒரு வரைபடத்தை எண்ணிப் பார்க்கலாம்: ஜொகூர் பாருவிலிருந்து மலாக்காவுக்கு ஒரே நேரத்தில் புறப்பட்டு, நமக்குத் தெரிந்த ஒரே வேகத்தில் செல்லும் இரு வாகனங்களில் ஒன்று நெடுஞ்சாலையிலும், மற்றொன்று பொந்தியான், பத்து பகாட், மூவார் வழியே கடலோரச் சாலையிலும் சென்றால், இரு பாதைகளின் விகிதம் வரைபடத்திலேயே உண்டு, அவை வந்துசேரும் நேர வேறுபாடும் தெரிந்துவிட்டால், வரைபடத்தின் ஓர் அங்குலம் எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்துவிடும். பேரண்டத்திலும் அவ்வாறே, தாமதம் குறைவானால் தொலைவுகள் குறைவு, தொலைவுகள் குறைவானால் விரிவின் வேகம் அதிகம்.

முதல் இரட்டைக் குவாசர் 1979-இல் இதே சப்தரிஷி மண்டலத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் தாமதம் 417 நாள் என்பது உறுதிப்படுவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. இத்துறை பெரிய தொலைநோக்கியை விட நெடுங்காலப் பொறுமையையே கேட்கிறது. ஜே1001+5027-ஐ 2005 மார்ச் முதல் 2011 ஜூலை வரை லா பால்மாத் தீவின் 1.2 மீட்டர் மெர்காட்டர், உஸ்பெகிஸ்தானின் 1.5 மீட்டர் மைதானக், லடாக்கின் ஹன்லேயிலுள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா ஆகிய தொலைநோக்கிகள் கண்காணித்தன. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய இமாலயச் சந்திரா, 4,500 மீட்டர் உயரத்து வறண்ட குளிர்நிலத்தில் நின்றாலும், பெங்களூருக்கு அருகிலுள்ள ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பால் இயக்கப்படுகிறது. மூன்றும் சேர்ந்து 443 பதிவுகளைத் திரட்டின. குவாசரின் ஒளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறி இறங்கியதால், ஒரு பிம்பத்தின் ஏற்ற இறக்கத்தை மற்றதன்மேல் நகர்த்திப் பொருத்திப் பார்க்க முடிந்தது. வில்லையாக நிற்கும் திரளின் தனி விண்மீன்கள் ஒவ்வொரு பிம்பத்தையும் தனித்தனியே பிரகாசமாக்கியும் மங்கச் செய்தும் குழப்புவதால், ஐந்து வெவ்வேறு கணக்கு முறைகள் கையாளப்பட்டன, ஐந்தும் ஒத்துவந்தன. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ரத்னகுமார் முதன்மை ஆசிரியராக இருந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாமதம் 119.3 நாள், பிழை வரம்பு 3.3 நாள்.

அவரும் சி.எஸ். ஸ்டாலினும் டி.பி. பிரபுவும் 2015-இல், தாமதம் நன்கு அளக்கப்பட்ட பத்து ஈர்ப்பு வில்லைகளைக் கொண்டு, ஹபிள் மாறிலி எனப்படும் விரிவு வீதத்தை 68.1 என்று கணித்தனர், அதாவது, ஒரு மெகாபார்செக் (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு விநாடிக்கு 68.1 கிலோமீட்டர். பிழை வரம்பு 5.9. ஷெர்ரி சுயு தலைமையிலான பன்னாட்டுக் குழு பின்னர் ஆறு குவாசர்களைக் கொண்டு 73.3 என்ற விடையை எட்டியது. பேரண்டத்தின் தொடக்கக் கால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலமோ 67.4 என்றது. இந்த முரண்பாடு இன்றைய அண்டவியலின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்று. குவாசர் முறையில் சிக்கல் தாமதத்தை விட, வில்லையாக நிற்கும் திரளின் நிறைப் பரவலிலேயே அதிகம் உள்ளது. அப்பரவல் குறித்த அனுமானங்களை 2020-இல் தளர்த்திப் பார்த்தபோது, 2 விழுக்காடாக இருந்த பிழை வரம்பு 8 விழுக்காடாகப் பெருகியது. பிழையை ஒளிக்காமல் விரித்துக் காட்டிய அந்த நேர்மையே இம்முறையை நம்பத் தகுந்ததாக்குகிறது.

சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் இத்தகைய குவாசர்களைப் பெருமளவில் கண்டறியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் அது தென்வானத்தை நோக்கியே அமைந்திருப்பதால், ஜே1001+5027 போன்ற வடவானப் பொருள்களைக் கண்காணிப்பது ஹன்லே போன்ற இடங்களிலுள்ள தொலைநோக்கிகளின் கையில்தான் இருக்கிறது.