சாலைக் கடைத்தெருவும் அழியாத பேரேடும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஆ. மாதவன் பல ஆண்டுகள் கடை நடத்தியதும், தம் கதைமாந்தர்களைக் கண்டெடுத்ததும் இந்தத் தெருவில்தான். புதிதாக வந்த ஒருவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாமா என்று தெரிய, பக்கத்துக் கடையில் விசாரித்தால் போதும் என்றிருந்த காலம் அது. ஆள் எப்படி என்ற பதில் கிடைக்கும். அவருடைய சொத்துப் பத்திரத்தை யாரும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்று அதே தெருவில் க்யூஆர் அட்டையோ கார்டு தேய்க்கும் கருவியோ வேண்டுமென்றால் பான், ஆதார், ஜிஎஸ்டி சான்று, வங்கிப் பாஸ்புக், வாடகை ஒப்பந்தம் என்று ஒரு கட்டு நகல் கொடுக்க வேண்டியிருக்கிறது. இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கு இடைநிலையாக இருக்கும் நிறுவனங்கள் தங்களிடம் சேரும் வியாபாரிகளின் பின்னணியை விசாரித்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் விதி வகுத்தது. வாடிக்கையாளரை ஏமாற்றும் போலிக் கடைகளைத் தடுக்க அது தேவைதான். ஆனால் நான்கு நிறுவனங்களோடு தொடர்பு வைத்திருக்கும் வியாபாரியின் நகல்கள் நான்கு இடங்களில் கிடக்கின்றன. அவற்றில் எது எப்போது கசியும் என்று அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் பிளாக்செயின் வருகிறது. ஒரு நிறுவனம் சரிபார்த்த விவரத்தை எல்லோரும் பகிரும் ஒரு பேரேட்டில் எழுதிவிட்டால், மற்றவர்கள் மறுபடி விசாரிக்க வேண்டாம். எழுதியதை யாரும் திருட்டுத்தனமாகத் திருத்தவும் முடியாது. பிளாக்செயின் பாடத்துக்குத் திருவனந்தபுரமே ஒரு மையம். 2017இல் இங்கே தொடங்கப்பட்ட கேரள பிளாக்செயின் அகாடமி, இப்போது டெக்னோசிட்டியில் உள்ள கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.

திருத்த முடியாது என்பது பலம். அழிக்கவும் முடியாது என்பது அதே பலத்தின் மறுபக்கம், சிக்கலும் அதுதான்.

விவரத்தை வெளிக்காட்டாமல் பேரேட்டைப் பகிர இந்தியாவில் ஏற்கெனவே நடந்த ஒரு நல்ல முயற்சி உண்டு. சிறுதொழில் செய்பவர்கள், பெரிய நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய பணத்துக்கான பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெற, ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு ட்ரெட்ஸ் என்ற மின்சந்தைகள் ஏற்பட்டன. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், ஏ.ட்ரெட்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி. ஒரே பில்லை இரண்டு சந்தைகளில் காட்டி ஒருவர் இருமுறை பணம் வாங்கிவிட்டால்? தடுக்க வேண்டுமென்றால் மூன்றும் பில் விவரங்களை ஒப்பிட வேண்டும். போட்டியாளரிடம் தன் வாடிக்கையாளரின் கணக்கை எந்தச் சந்தை காட்டும்? 2018இல் மொனெட்டாகோ என்ற நிறுவனத்தின் பிளாக்செயின் வலையமைப்பில் மூன்றும் இணைந்தன. பில்லின் விவரங்களைக் கணிதமுறையில் பிசைந்து எடுத்த ஹேஷ் மட்டுமே பகிரப்பட்டது. ஹேஷ் என்பது அந்தத் தகவலின் கைரேகை: ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முற்றிலும் மாறிவிடும், ரேகையை மட்டும் வைத்து ஆளை வரைய முடியாது. ஒரே ரேகை இருமுறை வந்தால் எச்சரிக்கை. யார் யாருக்கு எவ்வளவுக்கு விற்றார் என்பது போட்டியாளருக்குத் தெரியாது.

அப்படியானால் வியாபாரியின் பான் எண்ணையும் இதேபோல் ஹேஷாக்கிப் பேரேட்டில் எழுதிவிடலாமே என்று தோன்றும். பல திட்டங்கள் தடுமாறுவது இங்கேதான், சற்று நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

ரேகையிலிருந்து ஆளை வரைய முடியாது, உண்மை. ஆனால் ஊரில் உள்ள எல்லோருடைய ரேகையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? தனிநபர் பான் எண்ணின் நான்காம் எழுத்து எப்போதும் ‘பி’. மீதமுள்ள 5 எழுத்துகளும் 4 இலக்கங்களும் சேர்ந்து உருவாக்கக்கூடிய எண்கள் சுமார் 11,900 கோடி. மலைக்க வைக்கும் தொகைதான். ஆனால் விளையாட்டுக் கணினிகளில் இருக்கும் வலுவான கிராபிக்ஸ் அட்டை ஒன்று விநாடிக்குப் பல நூறு கோடி ஹேஷ்களைக் கணக்கிடும். எல்லா பான் எண்களையும் முயன்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். செல்பேசி எண்ணுக்கு விநாடிகள். 2014இல் நியூயார்க் நகர டாக்சிப் பயணங்களின் விவரங்கள், வண்டி எண்களை ஹேஷாக்கி வெளியிடப்பட்டபோது, ஒரு மென்பொருள் பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அவற்றை அவிழ்த்துக் காட்டினார்.

நம் ஊரில் முயன்று பார்க்கும் வேலைகூட இல்லை. பில்லில் அச்சிடும் ஜிஎஸ்டி எண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறி. கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். புரொப்ரைட்டராகக் கடை நடத்துபவருக்கு அது அவருடைய சொந்த பான். கையில் ஒரு பில் இருந்தால் அந்தக் கடைக்காரரின் ஹேஷை யாரும் உருவாக்கிப் பேரேட்டில் தேடலாம். எத்தனை நிறுவனங்கள் அவரை விசாரித்தன, எந்த மாதத்தில் அடுத்தடுத்து மூன்று கடன் நிறுவனங்கள் தேடின என்பது தெரிந்துவிடும். ஆவணம் எதுவும் கசியாமலே அவருடைய பணமுடை அம்பலமாகிறது. தவறுதலாக ‘சந்தேகத்துக்குரியவர்’ என்று ஒரு குறி விழுந்திருந்தாலோ, பின்னால் திருத்தம் எழுதலாம். பழைய வரி மட்டும் அழியாமல் கிடக்கும்.

தீர்வு இல்லாமல் இல்லை. ஹேஷ் எடுக்கும் முன் ஒவ்வொரு வியாபாரிக்கும் யூகிக்க முடியாத நீண்ட ரகசிய எண் ஒன்றைச் சேர்த்து, அதைப் பேரேட்டுக்கு வெளியே வைக்கலாம். பிறகு அந்த ரகசிய எண்ணையும் மூல விவரத்தையும் அழித்துவிட்டால், பிளாக்செயின் என்ற அந்தப் பேரேட்டுச் சங்கிலியில் எஞ்சுவது யாரையும் சுட்டாத எழுத்துக் குவியல். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல், இது முழு அழிப்பு ஆகாவிட்டாலும் அதை நெருங்கும் வழி என்று சொன்னது. நிறுவனங்களுக்கிடையே அதிகம் பயன்படும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில், விவரத்தை உரியவர்களின் தனிக் கிடங்கில் வைத்து, ஹேஷை மட்டும் சங்கிலியில் எழுதி, கெடு முடிந்ததும் கிடங்கைக் காலி செய்யும் வசதியே இருக்கிறது. வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல், எல்லாவற்றையும் சங்கிலியில் கொட்டுவது சோம்பேறித்தனம் என்றே சொல்ல வேண்டும்.

சட்டமும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. இந்த உரிமை தனிமனிதருக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி வாடிக்கையாளர் அடையாள ஆவணங்களை உறவு முடிந்து 5 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்பதால், கேட்ட உடனே அழித்துவிடவும் முடியாது. ஆனால் ஐந்தாண்டு என்பது என்றென்றைக்கும் ஆகாது.

திருவனந்தபுரத்துக்கு இந்த விவாதம் புதிதல்ல. 2020இல் கொரோனாக் கால உடல்நல விவரங்களைக் கையாள அமெரிக்க நிறுவனமான ஸ்பிரிங்க்ளரோடு கேரள அரசு செய்த ஒப்பந்தம் தலைமைச் செயலகத்தையே உலுக்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம், ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே விவரங்களை நிறுவனத்துக்குத் தர வேண்டும், மக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. நோயாளிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும்.

வியாபாரிகள் சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுக்க வேண்டும். கையெழுத்துக் கேட்டு வரும் முகவரிடம், என் விவரம் சங்கிலிக்குள் எழுதப்படுகிறதா வெளியே இருக்கிறதா, எப்போது அழிப்பீர்கள், தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆதாரோடு செல்பேசி எண்ணைப் பதிந்தவர்கள் அதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.